சாமி கும்பிடாத வீட்டுக்காரன் கம்பராமாயணம் படிக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது?

ஆத்துமேடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் இங்கே ஓரமாக நின்று வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். முதல் இழை இதுதான். ஏற்கெனவே யாராவது கேட்டிருந்தால் அங்கே திருப்பி விடுங்கள்.

சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். இப்போது திருநெல்வேலி டவுன் பக்கம் இருக்கிறேன். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர், சங்கத்து ஆள். வீட்டில் சாமி படம் கிடையாது. தாடி வைத்த இரண்டு பேர் படம் மட்டும் சுவரில் தொங்கும். ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி அவர்களை ஏதோ ரிஷிகள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிற கதை. அம்மா மட்டும் அம்மன் கொடைக்குச் சத்தமில்லாமல் போய்விட்டு, நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவாள்.

அதனால் ராமாயணத்தில் எனக்குத் தெரிந்தது ராமன், சீதை, பத்துத் தலை, அனுமார் வாலில் தீ. அவ்வளவுதான். நாலு மாதம் முன்னால் ஒரு பழைய புத்தகக் கடையில் பால காண்டம் கிடைத்தது. உரை இல்லாத வெறும் மூலம். அறுபது ரூபாய். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் ஆற்றுப் படலத்திலேயே மூழ்கிவிட்டேன்.

முதல் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி 'ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று, ஒரு பூசை, முற்றவும் நக்குபு புக்கென' என்று ஒரு பாட்டு. பாற்கடலில் ஏதோ பூசை நடக்கிறது, நக்குவது எதற்கு என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பூசை முறையெல்லாம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும் போல, நமக்கு இது ஆகாது என்று மூடிவைத்துவிட்டேன்.

ஆனால் விட மனசில்லை. பக்தி இல்லாதவன் இதைப் படித்து என்ன கிடைக்கும்? படிக்கலாம் என்றால் முதலில் எதைத் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்?

---

செங்கோட்டை பாசஞ்சர் எழுதியது:

அண்ணாச்சி, சிரிச்சு மாளல. அந்தப் பூசை பூனை! எங்க பக்கம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்தானே, மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அவர்கள் பூனையைப் 'பூச்ச' என்றுதான் சொல்வார்கள். பாற்கடலைப் பார்த்த பூனை, முழுசையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று இறங்கின மாதிரி நான் ராமன் கதையைச் சொல்ல வந்துவிட்டேன் என்று கம்பர் தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிறார். நீங்கள் ஒரு மணி நேரம் பூசை பண்ணியிருக்கிறீர்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். பூனை விஷயத்தை நண்பர் சொல்லிவிட்டார். இன்னொன்றும் கவனியும். உமக்கு வழி மறித்தது சமயம் இல்லை, பழைய தமிழ்ச் சொல் ஒன்று. தினமும் பூசை செய்கிற வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்த இடத்தில் உம்மைப் போலத்தான் முழித்திருப்பான். இன்னும் உறுதியாகத் தப்பாக நினைத்திருப்பான்.

முதல் பாட்டு நன்றாக இருந்தது என்கிறீர். அதை மறுபடி பாரும்.

உலகம் யாவையும் தாம் உளவாக்கலும்
நிலைபெறுத்தலும் நீக்கலும் நீங்கலா
அலகு இலா விளையாட்டு உடையார் அவர்
தலைவர், அன்னவர்க்கே சரண் நாங்களே.

ராமன் கதைக்குக் கடவுள் வாழ்த்து. ராமன் பெயர் இருக்கிறதா? திருமால் பெயர்? எந்தப் பெயரும் இல்லை. ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் விளையாட்டு என்கிறான். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். இந்தப் பாட்டில் எந்த வீட்டுப் பிள்ளையும் தடுக்கி விழுந்ததில்லை.

இப்போது எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு வருவோம். பால காண்டத்தில் ஆரம்பிக்காதீர். பண்டிதர்கள் என்னைத் திட்டட்டும். ஆறு, நாடு, நகரம் என்று வருணனையாக வரும். மிதிலைக்குக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் சந்திரசயிலம், வரைக்காட்சி, பூக்கொய்தல், புனல் விளையாட்டு, உண்டாட்டு என்று படலம் படலமாகக் கதை நின்றுவிடும். பத்தாயிரம் பாட்டுக்கு மேலே இருக்கிற நூலில் முதல் ஆயிரத்திலேயே மூச்சு முட்டிப் போனவர்கள்தான் அதிகம். அயோத்தியா காண்டத்தை எடும். வயசான ராசா, மூத்த மகனுக்குப் பட்டம் கட்ட மந்திரிகளைக் கூட்டுகிறான். ஒரே ராத்திரியில் எல்லாம் கவிழ்கிறது. சொத்துத் தகராறு பார்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

அப்புறம், சொல் பிரித்த பதிப்பாக வாங்கும். மர்ரே ராஜம் பதிப்பு அப்படிப் பிரித்தது. உரை வேண்டும் என்றால் வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மூலமும் உரையும் சேர்ந்தே கிடைக்கும்.

ஒரு நிபந்தனை. வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணால் படித்தால் கம்பன் செத்த பாம்பு. நம்ம ரசிகமணி டி.கே.சி. (டி.கே.சிதம்பரநாத முதலியார்) திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி என்று கூட்டம் கூட்டி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்? ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கேட்க வைத்தார். உருகி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பக்தர்களா? சுவைக்க வந்தவர்கள். (காதில் சரியாக விழாத பாட்டையெல்லாம் இடைச்செருகல் என்று அவர் தள்ளியது தனிக் கதை. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் காதை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.)

---

ஈரோட்டுக்கண்ணாடி எழுதியது:

எதற்குப் படிக்க வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே. மறைந்து நின்று அம்பு விடுவதும், ஆசையைச் சொன்ன பெண்ணின் மூக்கை அறுப்பதும்தான் கதை. அதற்கு நல்ல தமிழில் பூ வைத்தால் சரியாகிவிடுமா? உங்கள் அப்பா சுவரில் மாட்டிய படம் சரியான படம்தான் நண்பரே.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான். 1943-இல் அண்ணா இதையே மேடையில் கேட்டார். சென்னையில் ஒரு தடவை, சேலத்தில் ஒரு தடவை. எதிர்த்துப் பேசியவர்கள் யார் தெரியுமா? சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளை, இந்தா இருக்கிற ராஜவல்லிபுரத்துக்காரர். சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார், எட்டயபுரத்துக்காரர். இரண்டு தடவையும் கம்பனுக்கு வக்கீலாகப் போனது நம்ம சீமைதான்.

ஆனால் ஒன்று. அண்ணா கம்பனை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் எதிர்த்தார். தம்பி படித்துவிட்டு எதிர்க்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆத்துமேட்டுத் தம்பி, உங்க அப்பாவிடம் ஜீவா பெயரைச் சொல்லிப் பாரும். பூதப்பாண்டிக்காரர், முழுசாகக் கம்யூனிஸ்ட். அவர் கம்பனைப் பேசினால் கூட்டம் எழுந்து போகாது.

---

குருகூரான் எழுதியது:

அடியேன் ஆழ்வார்திருநகரி. இங்கே ஓடுகிற பேச்சைப் பார்த்தால் கம்பன் என்னவோ சமயத்துக்குச் சம்பந்தமில்லாத ஆள் மாதிரி இருக்கிறது. எங்கள் நம்மாழ்வார் மேல் சடகோபர் அந்தாதி பாடியவர் என்று சொல்லப்படுகிற கவி அவர்.

படிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் படியுங்கள். ஆனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கங்கைப் படலத்தில் ராமன் வெயிலில் காட்டுக்கு நடந்து போகிறான். 'மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ, ஐயோ இவன் வடிவு என்பது ஓர் அழியா அழகு உடையான்.' மை, மரகதம், கடல், மேகம் என்று உவமை தேடித் தேடிக் களைத்துப்போய், கடைசியில் உவமை கிடைக்காமல் 'ஐயோ' என்று விழுகிறான் கவி. மத்தவர்களுக்கு இது நல்ல உத்தி, அவ்வளவுதான். திருப்பாணாழ்வார் அரங்கன் முன்னால் நின்று 'நீலமேனி ஐயோ! நிறை கொண்டது என் நெஞ்சினையே' என்று பாடியதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு, கம்பன் எந்த வாசலில் நின்று அந்த ஐயோவை வாங்கி வந்தான் என்று தெரியும். இரண்டு ஐயோவும் சேர்ந்து காதில் விழும். உங்களுக்கு ஒன்றுதான் விழும்.

---

ஆத்துமேடு எழுதியது:

குருகூரான் ஐயா, நீங்கள் சொன்னதற்கு அப்புறம் இரண்டுமே எனக்குக் கேட்கிறதே. இதைத்தான் கேட்டேன். இந்த மாதிரி இன்னும் சொல்லுங்கள்.

---

குருகூரான் எழுதியது:

இதற்கு என்ன பதில் சொல்ல. சரி, சொல்கிறேன். 🙂

---

மேலப்பாளையத்தான் எழுதியது:

வாத்தியார் ஐயா முதலில் சொன்னதை நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு மார்க்கம் தெரியும், ஐந்து நேரம் தொழுகிற ஆள். கல்லூரி முடித்த வருஷம் சீறாப்புராணத்தை எடுத்தேன். உமறுப் புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில், பக்கத்து ஊர். மூன்று காண்டம், ஐயாயிரத்துச் சொச்சம் பாட்டு. நபிகள் வரலாறு எனக்கு மனப்பாடம், ஓடிவிடும் என்று நினைத்தேன். பத்துப் பாட்டு தாண்டவில்லை! கதையும் தெரியும், ஈமானும் இருக்கிறது, இருந்தும் வரி நகரவில்லை.

எனக்குக் கம்பனைச் சொல்லிக்கொடுத்த சார் அப்போது சொன்னார்: 'ஏல, அரபு நாட்டில் எங்கல வயக்காடு? உமறுப் புலவர் நாட்டுப் படலத்தில் மழை பெய்து ஆறு ஓடி நெல் விளைகிறது. அது எந்த ஊர் என்று நினைச்சே?' காவியம் என்றால் முதலில் ஆறும் நாடும் நகரமும் பாட வேண்டும் என்கிற முறை தெரியாமல், மக்காவில் ஏன் வயல் என்று நான் முட்டிக்கொண்டிருந்தேன். அந்த முறை கம்பனிலிருந்து வருகிறது. அதனால் உமறைப் படிப்பதற்காகக் கம்பனைப் படித்தேன். இப்போது இரண்டும் என் மேசையில்தான் இருக்கின்றன. வீட்டில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நீதிபதி மு.மு.இஸ்மாயில் வாலி வதையைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதியவர், சென்னைக் கம்பன் கழகத்தை நடத்தியவர். அவரைவிடவா நான் வித்தியாசமாகச் செய்துவிட்டேன்.

வாலி என்றதும் ஈரோட்டுக்கண்ணாடி அண்ணனிடம் ஒரு கேள்வி. மறைந்து அம்பு விட்டது தப்பு என்று முதலில் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? வாலிதான். செத்துக்கொண்டே கேட்கிறான்.

---

ஈரோட்டுக்கண்ணாடி எழுதியது:

தெரியும் பாய். நானும் படிக்காமல் பேசுகிற ஆள் இல்லை. 'ஆவியை, சனகன் பெற்ற அன்னத்தை, அமிழ்தின் வந்த தேவியை, பிரிந்த பின்னை, திகைத்தனை போலும் செய்கை.' பொண்டாட்டி போன துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டதா உனக்கு என்று, அம்பு பாய்ந்தவன் அம்பு விட்டவனுக்காக இரங்குகிறான். இதைவிட ஒருத்தனை அவமானப்படுத்த முடியாது. ராமனும் லட்சுமணனும் சொல்கிற பதில் எனக்கு இன்றுவரை போதவில்லை. கேள்வியை இவ்வளவு கூராகத் தீட்டிக் கொடுத்தவனும் கம்பன்தான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

---

சமாதானபுரம் அக்கா எழுதியது:

தம்பி ஆத்துமேடு, நான் பாளையங்கோட்டை, சர்ச் வீட்டுப் பிள்ளை. 'சத்தாய் நிஷ்களமாய்' என்று ஞாயிற்றுக்கிழமை பாடும்போது அர்த்தம் ஒன்றும் தெரியாது, ராகத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்வேன். எழுதியது எச்.ஏ.கிருஷ்ண பிள்ளை. பக்கத்தில் கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் வாங்கினார். அவர்தான் ஜான் பனியன் என்கிற ஆங்கில எழுத்தாளரின் மோட்சப் பயணக் கதையை எடுத்து 'இரட்சணிய யாத்திரிகம்' என்று மூவாயிரத்துச் சொச்சம் விருத்தமாகப் பாடினார். 1894-இல் வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்றே பெயர். அதைப் படிக்கப் போய்த்தான் நானும் கம்பனில் வந்து விழுந்தேன், பாய் உமறிலிருந்து வந்த மாதிரி. ஆக இந்த ஊரில் எல்லாத் தெருவும் அங்கேதான் போய் முட்டுகிறது போல.

நடைமுறையில் எனக்கு உதவினது ஒன்று சொல்கிறேன். பெயர்கள்தான் முதல் வாரம் ஆளைக் கொல்லும். சீதை என்று மட்டுமே எழுத மாட்டார். சானகி, மைதிலி, வைதேகி, சனகன் மகள், அன்னம், வஞ்சி. ராமன் என்றால் இராகவன், வள்ளல், வீரன், ஐயன், கரிய செம்மல். அனுமன் மாருதி. ஒரே காட்சியில் எட்டுப் பேர் நிற்பது மாதிரி இருக்கும், பார்த்தால் மூன்று பேர். மளிகைக் கடை சீட்டின் பின்பக்கத்தில் யார் யாருக்கு என்னென்ன பெயர் என்று எழுதி அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் துவரம் பருப்பு அரைக்கிலோ, மறுபக்கம் தயரதன் மக்கள். இன்னும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

---

செங்கோட்டை பாசஞ்சர் எழுதியது:

இன்னொன்று அண்ணாச்சி. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதில் ஒரு லாபம் உண்டு. எங்களுக்கெல்லாம் 1987-இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி பார்த்துப் பார்த்துத் தலையில் ஒரு ராமாயணம் ஏறி உட்கார்ந்துவிட்டது. கம்பனைத் திறந்ததும் லட்சுமணன் கோட்டைத் தேடினேன். கோடு கிடையாது! ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையோடு மண்ணைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். அணிலைத் தேடினேன், அதுவும் இல்லை. நான் இல்லாததைத் தேடியே பாதி நேரத்தைத் தொலைத்தேன். உங்களுக்கு அந்தச் சள்ளை கிடையாது.

---

குருகூரான் எழுதியது:

அணில் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலையைத் தள்ள, அணில் தண்ணீரில் குளித்து மணலில் புரண்டு ஓடும். தேட வேண்டிய இடத்தில் தேடவும்.

---

மாஞ்சோலைக் குளிர் எழுதியது:

நம்ம ஆறு கம்பராமாயணத்தில் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே! கிட்கிந்தா காண்டம், நாடவிட்ட படலம். சீதையைத் தேடித் தெற்கே போகிற குரங்குப் படைக்குச் சுக்கிரீவன் வழி சொல்கிறான்:

தென் தமிழ்நாட்டு அகன் பொதியில் திருமுனிவன் தமிழ்ச் சங்கம் சேர்கிற்பீரேல்,
என்றும் அவண் உறைவிடம் ஆம்...

பொதிகையில் அகத்தியர் தமிழ்ச் சங்கம் இருக்கும், அதற்குள் போய்விட்டீர்கள் என்றால் அப்புறம் அங்கேயே குடியிருந்துவிடுவீர்கள், வந்த வேலையை மறந்துவிடுவீர்கள், அதனால் மலையைக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள் என்று பொருள் சொல்வார்கள். அடுத்த வரியில் 'பொருநை எனும் திருநதி பின்பு ஒழிய'. பொருநை என்றால் தாமிரபரணி. அதைத் தாண்டினால் மயேந்திர மலை. பணகுடிப் பக்கம் போகும்போது மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி நிற்கும். பஸ்ஸில் சன்னல் சீட்டில் உட்கார்ந்து இந்தப் பாட்டை நினைத்துக்கொள்வேன். அனுமார் போன ரூட்டில் நாற்பது ரூபாய் டிக்கெட்.

ஆலங்குளம் பக்கம் மாயமான்குறிச்சி என்றே ஊர் இருக்கிறது. படிக்காதவனுக்கும் இங்கே பாதிக் கதை ஊர்ப் பெயரிலேயே கிடைக்கும்.

---

ஆத்துமேடு எழுதியது:

மூன்று வாரம் ஆச்சு. தகவல் சொல்ல வந்தேன்.

சொல் பிரித்த பதிப்பில் அயோத்தியா காண்டம் தொடங்கினேன். மொட்டைமாடியில் நின்று சத்தமாகப் படிக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, 'என்ன தம்பி, பரீட்சையா?' என்று கேட்டார்.

மந்தரை சூழ்ச்சிப் படலம் படித்து இரண்டு நாள் தூக்கம் போயிற்று. கைகேயி கெட்டவள் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். கம்பனில் கூனி வந்து, ஆபத்து, ஆபத்து என்று எழுப்பும்போது அவள் என்ன சொல்கிறாள்? 'இராமனைப் பயந்த எற்கு இடர் உண்டோ?' ராமனைப் பெற்ற எனக்கு என்ன கஷ்டம் வந்துவிடும் என்கிறாள். பெற்றது கோசலை, இவள் 'பெற்ற' என்கிறாள். பட்டாபிஷேகம் என்று கேட்டதும் கூனிக்கு மாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள். இப்படிப்பட்டவள் நாலு பக்கத்துக்குள் எப்படி மாறப்போகிறாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பாசஞ்சர் சொன்ன லாபம் இதுதானோ.

கூனிக்கு ஏன் இவ்வளவு கோபம்? 'பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனை' மனசில் வைத்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில் ராமன் விளையாட்டாக அவள் முதுகில் மண் உருண்டையால் அடித்திருக்கிறான். சிறுவயதில் உண்டிவில் வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் தெருவில் ஒரு கிழவியின் தண்ணீர்ப் பானையை நான் உடைத்திருக்கிறேன். சாகிற வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. அந்தப் பாட்டைப் படித்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் ஒரு குறை. இவ்வளவு அழகாக மனுஷக் காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டு, அவள் மனம் திரிகிற இடத்தில் தேவர்கள் மாயை, அவர்கள் பெற்ற வரம், அந்தணர் தவம் என்று கம்பன் கணக்கை மேலே தள்ளிவிடுகிறான். ஏமாந்த மாதிரி இருந்தது. இதற்குத்தான் பக்தி தேவையா?

---

குருகூரான் எழுதியது:

நல்ல இடத்தில் நின்றிருக்கிறீர்கள். பக்தி தேவையில்லை, ஒரு தகவல் போதும். ராவணனை முடிக்கத்தான் திருமால் பிறந்திருக்கிறார், தேவர்கள் கேட்டு வாங்கிய வரம் அது. ராமன் அயோத்தியில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் காரியம் நடக்காது. அதனால் இங்கே எப்போதும் இரண்டு கணக்கு ஓடும். கீழே ஒரு வீட்டின் கணக்கு, மேலே தேவர்களின் கணக்கு. கைகேயி கீழ்க் கணக்கில் பாவி. மேல் கணக்கில் அவள் இல்லாமல் எதுவும் நடக்காது. பால காண்டத்தைத் தாண்டி வந்ததால் மேல் கணக்கு எழுதின பக்கம் உங்கள் கையில் இல்லை. திருஅவதாரப் படலத்தை மட்டும் திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். வாத்தியார் ஐயா கோபிக்க வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

கோபம் இல்லை. ஒத்துக்கொண்டேன். அந்த ஒரு படலத்தை விட்டுவிடச் சொன்னது என் தப்புதான்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இடையில் ஓடிய 14 பதில்களை நீக்கியிருக்கிறேன். தேர்தல் பேச வேறு இழை இருக்கிறது. கம்பன் இங்கே தொடரட்டும்.

---

ஆத்துமேடு எழுதியது:

மறுபடி நான். அயோத்தியா காண்டம் முடித்து, பொறுமை இல்லாமல் யுத்த காண்டத்துக்குத் தாவிவிட்டேன், கும்பகருணனுக்காக. முறை இல்லை என்று தெரியும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அவனை எழுப்புகிற பாட்டைப் படித்தேன். 'உறங்குகின்ற கும்பகன்ன! உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது, இன்று காண், எழுந்திராய்! எழுந்திராய்!' அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் அந்த மாதிரிப் பாட்டு, ஊர்வலத்தில் கோஷம் போடுகிற தாளம். வெளியே வந்து நின்றார். 'அது என்னல, இன்னொரு தடவை படி' என்றார். படித்தேன். எழுந்து சாப்பிட்டு, போருக்கு என்று தெரிந்ததும் அவன் அண்ணனிடம் கேட்கிற முதல் கேள்வி, 'சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?' அந்தப் பொண்ணு கஷ்டம் இன்னுமா தீரவில்லை என்கிறான். எதிரி வீட்டு ஆள் இவன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அப்புறம் விபீஷணன் வந்தான், வினையும் வந்தது. கதையைச் சொன்னேன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: 'கருங்காலி.' வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகத்தின் பக்கம் போனவனைச் சொல்கிற அதே சொல். நான் இல்லை, அநியாயத்தை எதிர்த்துத்தானே வெளியே போனான் என்றேன். 'உள்ளே இருந்து எதிர்க்கணும். கும்பகருணன் எதிர்க்கலையா? எதிர்த்துப் பேசிட்டு, முடிவுன்னு வந்ததும் கூட நின்னான்லா, அவன்தான் தோழன்' என்கிறார். மூன்று நாளாகப் போனில் இதே சண்டை. இதற்கு என்ன பதில் சொல்வது? சீக்கிரம் சொல்லுங்கள், சனிக்கிழமை மறுபடி ஊருக்குப் போகிறேன்.

---

மேலப்பாளையத்தான் எழுதியது:

உங்க அப்பாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள் தயவுசெய்து.

---

ஈரோட்டுக்கண்ணாடி எழுதியது:

அப்பா பக்கம்தான் நான். ஆனால் அப்பாவிடம் இதையும் கேளுங்கள். நிர்வாகமே ராவணன் என்றால், கும்பகருணன் நின்றது யார் பக்கம்?

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் பதில் சொல்ல வேண்டாம். கும்பகருணனே சொல்கிறான். போர்க்களத்தில் விபீஷணன் வந்து, நீயும் ராமனிடம் வந்துவிடு என்று அண்ணனைக் கூப்பிடுகிற இடத்தைப் படித்துக் காட்டும்.

நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னை,
போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது, அங்குப் போகேன்

தண்ணீரில் போட்ட கோலம் மாதிரியான வாழ்வுக்கு ஆசைப்பட்டு, என்னை வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறான். உங்க அப்பா தொடையைத் தட்டுவார். அங்கே நிறுத்திவிடாதீர். அதே பாட்டின் அடுத்த பாதியில், 'கார்க்கோல மேனியானைக் கூடுதி, கடிது ஏகி' என்று வருகிறது. என் துயரம் தீர வேண்டும் என்றால் நீ சீக்கிரம் ராமனிடமே திரும்பிப் போ என்று தம்பியை அனுப்புகிறான். கூட நிற்கிறவனே, போனவனைப் போ என்கிறான். உங்க அப்பா அவனைக் கருங்காலி என்றார், சரி. கும்பகருணன் அவனை என்னவென்று நினைத்தான்? அதைக் கேட்டுவிட்டு வந்து எனக்கும் சொல்லும்.

---

சமாதானபுரம் அக்கா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆச்சு. தம்பி ஆத்துமேடு, என்ன ஆச்சு? எல்லாரும் காத்திருக்கிறோம்.

---

ஆத்துமேடு எழுதியது:

படித்துக் காட்டினேன் அக்கா. இரண்டாம் பாதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி அவரே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். 'இந்த மொத இடத்திலேருந்து படிக்கணும்' என்றார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, 'இத்தனை வருஷமா ராமாயணம்னு சொன்னாலே எரிஞ்சு விழுவீயளே' என்றாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

யுத்த காண்டம் இப்போது விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறது. கிளம்பும்போது கேட்டேன், முடித்துவிட்டுத் தருகிறேன் என்றார். என் கையில் கிட்கிந்தா காண்டம்தான் மிச்சம். குளிர் நண்பரே, அந்தப் பொருநைப் பாட்டு எத்தனையாவது பாட்டு? பஸ்ஸில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன், சேரன்மகாதேவி தாண்டியாச்சு.